தாமஸ் ஹைராம் ஹோல்டிங்: துவிசக்கரவண்டியிற் கூடாரம் ஏற்றிய தையற்காரர்

நாடு வென்ற வேந்தர், சட்டம் வகுத்த அறிஞர், கடல் கடந்து புதுநிலம் கண்ட மாலுமிகள் ஆகிய பெரியோரின் சரிதங்களை நம் மாணவர் இளம்பருவந்தொட்டே படித்து வருகின்றனர். ஊசியும் நூலும் கத்தரியுமே படைக்கலங்களாகக் கொண்டு வாழ்ந்த ஒருவரின் சரிதத்தை ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் பெயர் தாமஸ் ஹைராம் ஹோல்டிங். வீட்டை விட்டு வெட்டவெளியிற் கூடாரம் அடித்துச் சில நாள் இன்பமாய்த் தங்கி வருவதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் எந்நாட்டில் இருப்பினும், தம் கலைக்குத் தந்தை எனக் கூறுவது இவரையே. அன்றியும், அக்கூடாரத்தைத் துவிசக்கரவண்டியில் ஏற்றிச் செல்லலாம் என்று உலகிற்குக் காட்டியவரும் இவரே.

இவர் சரிதத்தை நாடும்படி நம்மைத் தூண்டியது நம் தோல்வி ஒன்று. அதனை மறைப்பானேன்? சென்ற ஆண்டு விடுமுறையில் எட்டு வயதினனாகிய நம் தமக்கையார் மகனைச் சைக்கிளில் அழைத்துக்கொண்டு, முப்பது மைல் தொலைவிலுள்ள மலையடிவாரத்துத் தோப்பில் ஓர் இரவு தங்கி வரப் புறப்பட்டோம். நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய கித்தான் கூடாரமும், இரண்டு ஜமுக்காளமும், பித்தளைச் செம்பும், சோற்றுப் பானையும், அரிசி பருப்பு மூட்டையும் காரியரில் ஏறின. பையன் முன்கம்பியில் ஏறினான். இருபதாவது மைலில் பின்சக்கரத்தின் கம்பிகள் மூன்று முறிந்தன. வண்டியைத் தள்ளிக்கொண்டு தோப்பை அடைவதற்குள் இருட்டிவிட்டது. நள்ளிரவில் மழை வந்தது. கூடாரத்தின் கீழே விரிப்பு ஒன்றும் போடாமையால் ஜமுக்காளங்கள் தரையின் ஈரத்தை உறிஞ்சின. பையன் விடியுமளவும் நடுங்கிக்கொண்டிருந்தான். மறுநாள் பேருந்தில் அவனை வீடு சேர்த்தபோது அவன் மேனி கொதித்தது. காய்ச்சல் மூன்று நாள் இருந்தது. நம் தமக்கையார் நம்மைக் கடிந்து ஒன்றும் சொல்லவில்லை. இனி அவனை அனுப்புவதில்லை என்று மட்டும் உறுதி செய்துகொண்டார். நாம் செய்த பிழை யாது என்று தேடப் புகுந்த காலத்தேதான் ஹோல்டிங் நமக்கு எதிர்ப்பட்டார். நாம் ஒரே இரவிற் செய்த பிழைகள் அனைத்தையும் அவர் ஒரு வாழ்நாள் முழுதும் ஒவ்வொன்றாய் ஆராய்ந்து நீக்கியிருந்தார்.

ஹோல்டிங் 1844 ஆம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்தவர். அவர்தம் பெற்றோர் மார்மன் மதத்தைத் தழுவியவர். அக்காலத்தில் அம்மதத்தினர் ஆயிரக்கணக்கில் ஐரோப்பாவினின்றும் கப்பலேறி, அமெரிக்காவின் மேற்கே அமைந்த உப்பு ஏரிப் பட்டினத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்தனர். ஹோல்டிங் குடும்பமும் 1853 ஆம் ஆண்டு அவ்வழியே சென்றது. அவ்வாண்டிற் புறப்பட்டோர் அயோவா மாகாணத்தில் மிசிசிப்பி நதிக்கரையிலுள்ள கியோகுக் என்னும் ஊரில் இறங்கி, எருதுகளும் வண்டிகளும் சேகரித்துக்கொண்டு மேற்றிசை நோக்கிப் பயணப்படுவது வழக்கமாயிருந்தது. ஒன்பது வயதுச் சிறுவனாகிய தாமஸ், ஏறக்குறைய முந்நூறு மக்களோடு அந்நதிக்கரையில் ஐந்து வாரம் கூடாரத்தில் வசித்தான். பின்னர் 1,200 மைல் அளவும் புல்வெளிகளினூடே வண்டித் தொடருடன் சென்றான்.

அப்பயணம் எத்தகையது என்பதை நம் வாசகர் சிறிது மனத்திற் கொள்ளுதல் வேண்டும். எருது பூட்டிய வண்டி மணிக்கு இரண்டு மைலே நகரும். ஒரு நாளிற் பன்னிரண்டு முதற் பதினைந்து மைல் சென்றால் அதுவே நல்ல நாள். வண்டிக்குள் இருப்பவை மாவும் உப்பிட்ட இறைச்சியும் கருவிகளும்; ஆகவே கைக்குழந்தையும் நோயாளியும் தவிர ஏனையோர் நடந்தே சென்றனர். மரம் அற்ற வெளிகளிற் காட்டெருமையின் உலர்ந்த சாணமே விறகாயிற்று. இரவில் வண்டிகளை வளைய நிறுத்தி, கால்நடைகளுக்குக் காவல் வைத்தனர். அவ்வாண்டுகளிற் பேதி நோய் அப்பாதைகளிற் பலரைக் கொண்டுபோயிற்று. பாதையோரத்திற் குழந்தையைப் புதைத்துவிட்டுத் திரும்பிப் பாராது மறுநாள் நடந்த தாய்மார் உண்டு. இத்தகைய பயணத்திற் சென்ற சிறுவனுக்குக் கூடாரம் என்ற சொல்லே வெறுப்பாயிருத்தல் வேண்டும் என்றே நாம் நினைப்போம். ஹோல்டிங்கிற்கோ அது ஆசையாய் அமைந்தது. முதிய பருவத்திற் கூடாரக்கலை பற்றிய பெருநூலை எழுதத் தூண்டியது அவ்வாண்டின் நினைவே என்பர். குழந்தையின் மனம் எதனைப் பற்றும் எதனை விடும் என்பதைப் பெரியோர் கணித்தல் அரிது போலும்.

குடும்பத்தார் பின்னர் இங்கிலாந்திற்கே மீண்டனர். இளைஞர் ஹோல்டிங் தையற்றொழில் பயின்று அதிலேயே பெயர் பெற்றார். இத்தொழிலை நாம் சாதாரணமாக எண்ணிவிடலாகாது. விக்டோரியா மகாராணியார் காலத்து இலண்டனில் ஆடை வெட்டும் முறை ஒரு கணித சாஸ்திரம்போல் ஆராயப்பட்டது. ஹோல்டிங் அத்துறையிற் பல நூல்கள் இயற்றினார். தையற்றொழிலாளர்க்கான பத்திரிகை ஒன்றையும் நடத்தினார். பிரிட்டிஷ் தரைப்படை, கடற்படை, அரசவை ஆகியவற்றின் சீருடைகளைப் பற்றி 1894 ல் அவர் வெளியிட்ட நூலைச் சீருடை ஆராய்வோர் இன்றும் போற்றுகின்றனர். துணியின் எடை என்ன, எந்நெசவு நீரைத் தடுக்கும், தையல் எவ்விடத்திற் கிழியும், ஒரு கெஜத்தில் எத்துணை அங்குலம் வீணாகும் என்பனவெல்லாம் அவர் விரல்நுனியில் இருந்தன. கூடாரம் என்பது துணி, தையல், கயிறு, கம்பு இவையன்றி வேறு யாது? படைத்துறையார் கூடாரத்தைக் கோட்டையின் தம்பியாகக் கருதினர். ஹோல்டிங் அதனை ஒரு மேலங்கியின் தமையனாகக் கண்டார். இதுவே அவர் வெற்றியின் இரகசியம் என்பது நம் கருத்து.

முதலில் அவர் மனம் சென்றது நீர்வழி. ஜான் மக்கிரேகர் என்னும் ஸ்காத்லாந்து வழக்கறிஞர் 1865 ல் ராப் ராய் எனப் பெயரிட்ட சிற்றோடத்தில் ஐரோப்பாவின் ஆறுகளிலும் ஏரிகளிலும் தனியே சென்று, மறு ஆண்டு அதனை நூலாகவும் வெளியிட்டார். அந்நூல் இங்கிலாந்து இளைஞரிடையே ஓடப்பித்தை உண்டாக்கிற்று. ஹோல்டிங்கும் ஸ்காத்லாந்தின் நீர்நிலைகளில் ஓடமும் கூடாரமுமாய்ச் சென்று, 1878 ல் ஆஸ்ப்ரே என்னும் ஓடத்தின் பயணத்தை நூலாக்கினார். 1886 ல் மேற்குக்கரை ஏரிகளைப் பற்றிய மற்றொரு நூலும் வந்தது. ஓடம் நல்ல சுமைதாங்கி. அரை அந்தர் பொருளை வைத்தாலும் முணுமுணுக்காது. ஆயின் அது நீர் உள்ள இடத்திற்கே செல்லும். அவரோ நிலத்திலும் செல்ல விரும்பினார்.

இங்கிலாந்தில் அப்போது துவிசக்கரவண்டி பிறந்து தவழ்ந்துகொண்டிருந்தது. முன்சக்கரம் ஆளுயரமும் பின்சக்கரம் தட்டளவும் உடைய அவ்வண்டியில் ஏறுவதே ஒரு சாகசம். விழுந்தால் தலை முதலில் விழும். எனினும் அதில் ஏறி ஊர்சுற்ற விரும்பினோர் 1878 ல் ஹாரோகேட் நகரிற் கூடிச் சைக்கிள் யாத்திரிகர் சங்கத்தை அமைத்தனர். அச்சங்கத்தைத் தொடங்கியோர் வரிசையில் ஹோல்டிங்கின் பெயரும் வைத்து எண்ணப்படுகின்றது. 1885 ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார் கவெண்ட்ரி நகரில் இரு சக்கரமும் ஏறத்தாழ ஒத்த அளவினதாய், பின்சக்கரத்தைச் சங்கிலி ஓட்டுவதாய் ரோவர் வண்டியைச் செய்தார். இன்று நம் கல்லூரி வாயிலில் நிற்கும் சைக்கிள்களெல்லாம் அதன் வழித்தோன்றல்களே.

இவ்விடத்தில் ஒரு குழந்தையை நாம் மறத்தலாகாது. அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை வைத்தியர் இருந்தார். அவருடைய சிறுமகன் கெட்டி ரப்பர் சக்கரமுள்ள மூன்று சக்கர வண்டியைக் கல்பாவிய தெருவில் ஓட்டும்போது குலுங்கி வருந்துவதைக் கண்டார். மெல்லிய ரப்பர்க் குழாயிற் காற்றடைத்து, துணியாற் போர்த்து, அதனைச் சக்கரத்தில் இறுக்கினார். 1888 ல் அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். காற்றடைத்த டயரைப் பற்றி வேறொருவர் முன்னமே கூறியிருந்தார் என்பது பிற்பாடு தெரியவந்ததாயினும், உலகம் ஏற்றது டன்லப்பின் டயரையே. ஒரு தந்தை தன் மகன் முதுகெலும்பின்மேல் வைத்த கருணையினால்தான் சுமையேற்றிய சைக்கிள் கரடுமுரடான நாட்டுப்புறச் சாலைகளிற் செல்லக்கூடியதாயிற்று. ரோவரும் டன்லப்பும் இன்றேல் ஹோல்டிங்கும் இல்லை.

1897 ல் ஹோல்டிங் ஐம்பத்து மூன்று வயதினர். தம் மகனையும் வேறு இரு நண்பரையும் உடன்கொண்டு அயர்லாந்தின் மேற்குக் கோடியிலுள்ள கனமாரா என்னும் பிரதேசத்திற்குச் சைக்கிளிற் புறப்பட்டார். அம்மகன் கைக்குழந்தையல்லன், தன் வண்டியைத் தானே மிதிக்க வல்லவன். எனினும் தந்தையும் மகனும் ஒரே துணியின்கீழ் உறங்கி, ஒரே பாத்திரத்திற் சமைத்து, மழையையும் மேட்டையும் ஒருங்கே ஏற்கும் பயணம் பொதுமக்கள் முன் நூலாக வந்தது இதன் பின்னரேயாகும்.

கனமாரா கால்வே கோட்டத்தைச் சேர்ந்தது. அட்லாண்டிக் கடலினின்று வரும் மேகங்கள் முதலிற் கொட்டுவது அங்கேதான். எங்கும் சதுப்பு நிலம். இடையிடையே கருநீர் ஏரிகள். நடுவே பன்னிரு சிகரங்கள் எனப்படும் மலைத்தொகுதி. குடிசைவாழ் மக்கள் சதுப்பு மண்ணைச் செங்கல்போல் வெட்டி உலர்த்தி எரிப்பர். உலர்ந்த தரை கிடைத்தலே அருமை. கிடைத்தாலும் காற்று விடாது. கூடாரக்கலையைச் சோதித்தற்கு இதனினும் கடிய பரீட்சை மண்டபம் ஐரோப்பாவில் எளிதிற் கிடையாது. இன்ப யாத்திரைக்குத் தென்னிங்கிலாந்தின் பசும்புல் வெளிகள் இருக்க, ஹோல்டிங் இவ்விடத்தைத் தேர்ந்தது நமக்கு வியப்பளிக்கின்றது. மழையில் வெல்லாத கூடாரம் வெயிலில் வென்றென்ன என்று அவர் கருதியிருக்கலாம்.

அவர் எதிர்நோக்கிய இடுக்கண் எடை. ஓடத்தில் நூறு இராத்தல் வைத்த மனிதர் சைக்கிளில் அவ்வளவும் வைக்க இயலாது. மேட்டில் ஒவ்வோர் இராத்தலும் முழங்காலிற் பேசும். இறக்கத்திலோ தடைக்கட்டைக்கு அடங்காது. படைக் கூடாரம் ஒன்றைத் தூக்கக் கழுதையோ வண்டியோ வேண்டும். ஹோல்டிங் கித்தானைத் தள்ளி மெல்லிய பட்டை எடுத்தார். தடித்த கம்புகளைத் தள்ளித் தூண்டிற்கோல்போற் பூட்டிக் கழற்றும் மூங்கிலை எடுத்தார். கனத்த முளைகளைத் தள்ளிச் சிறியவற்றை எடுத்தார். பட்டுக்கூடாரம் என்றவுடன் நம்மவர் நவாபுகளின் டம்பத்தை நினைத்தல்கூடும். ஈண்டுப் பட்டு டம்பத்திற்கன்று. நெருங்கிய நெசவுள்ள பட்டு, எடையில் மிகக் குறைந்தும் இழுவையில் மிக வலுத்தும் இருப்பது. மடித்தால் ஒரு கைப்பையளவில் அடங்குவது. தையற்காரர் அறிந்த இவ்வுண்மையைத் தளபதிகள் அறிந்திலர். மழையில் மெல்லிய துணியின் உட்புறத்தை விரலாற் தொட்டால் அவ்விடத்தே நீர் ஒழுகத் தொடங்கும். ஆதலின் கூடாரத்தின்மேல் மற்றொரு மேற்கூரைத் துணி கட்டுவது பின்னர் வழக்கமாயிற்று. இன்று பட்டின் இடத்தை நைலான் பெற்றுள்ளது. மூங்கிலின் இடத்தை அலுமினியம் பெற்றுள்ளது. அமைப்பு மட்டும் அவருடையதே.

அடுப்பு மற்றொரு பிரச்சினை. ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவப்பது கூடாரவாசிகளின் பழைய தலைவிதி. 1892 ல் சுவீடனில் லிண்ட்குவிஸ்ட் என்பார் திரியில்லாமல் மண்ணெண்ணெயை ஆவியாக்கி எரிக்கும் பிரைமஸ் ஸ்டவ்வைச் செய்தார். நம் இல்லங்களிற் பல தலைமுறை காபி கொதித்தது இதன்மேல்தான். அதனிற் சிறிய வகை ஒன்று சைக்கிள் கூடாரவாசிகளுக்கு இன்றியமையாத துணையாயிற்று. இங்கு ஓர் எச்சரிக்கை கூறாது செல்வது பிழையாகும். மழைக்கு அஞ்சி மூடிய கூடாரத்தினுள் எந்த அடுப்பையும், கரி நெருப்பையும் எரித்தலாகாது. அதனின்று வரும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. உறங்குவோர் உறக்கத்திலேயே மாண்டுபோவர். துணி தீப்பற்றுவதோ நொடிப்பொழுதிற் கேடு. குழந்தையுள்ள கூடாரத்தில் அடுப்பின் இடம் வெளியேதான். மழை விடாதாயின் அன்று ரொட்டியும் வாழைப்பழமுமே உணவு.

நிற்க. கனமாராப் பயணத்தை 1898 ல் ஹோல்டிங் நூலாக வெளியிட்டார். அதனிறுதியில், இவ்வகைப் பயணத்தில் விருப்பமுடையோர் தமக்கு எழுதுமாறு வேண்டினார். எழுதினர். அவ்வாறு எழுதினோரைக் கொண்டு 1901 ல் சைக்கிள் கூடாரவாசிகள் சங்கம் உருவாயிற்று. அவ்வாண்டு வாண்டேஜ் என்னும் சிற்றூரிற் பழத்தோட்டமொன்றில் ஒருசிலரே கூடிக் கூடாரம் அடித்தனர். கூடாரவாசத்தையே நோக்கமாகக் கொண்ட முதற்சங்கம் உலகில் இதுவே என்பர். ஊரார் இவர்களை நாடோடிகள் என்றோ பித்தர் என்றோ கருதியிருத்தல் கூடும். 1906 ல் சங்கம் வெய்பிரிட்ஜ் என்னுமிடத்தில் தனக்கென நிலையான கூடாரவெளி ஒன்றை அமைத்துக்கொண்டது.

1908 ல் ஹோல்டிங்கின் பெருநூலாகிய கூடாரவாசியின் கைந்நூல் வெளிவந்தது. முளையின் நீளம் முதல் முட்டை பொரிக்கும் விதம் வரை அதில் இல்லாதது இல்லை எனலாம். நூல் சற்று நீளமானது. ஆசிரியர் தம் அபிப்பிராயங்களைத் தயவு தாட்சணியமின்றிக் கூறுபவர். பெண்கள் சைக்கிளில் கூடாரவாசம் செல்லுதல் குறித்தும் அந்நூல் பேசுகின்றது. பெண்மணிகள் தனியே சைக்கிள் ஏறுவதையே பலர் நகைத்த காலம் அது. தாய் வராத இடத்திற்குக் குழந்தை வருமா? கூடாரவாசம் ஆடவர் சிலரின் விளையாட்டாக நின்றிடாமல் குடும்பத்திற்கு உரியதாயிற்று என்றால், அதற்கு வழி திறந்தவை இத்தகைய பக்கங்களே. அதே 1908 ல் பேடன் பவல் பிரபு சாரணர் நூலை வெளியிட்டமையும் ஈண்டு நினைத்தற்குரியது. ஒரே ஆண்டில் இரு நூல்கள்; ஒன்று சிறுவரைக் கூட்டமாகவும் மற்றொன்று மக்களைத் தனித்தனியாகவும் வெட்டவெளிக்கு அழைத்தன.

இனி, குழந்தையுடன் தொடங்க விரும்புவோர் ஹோல்டிங்கின் வாழ்க்கையினின்று எடுத்துக்கொள்ளத்தக்கவை எவை என்பதில் நாம் சற்றுத் தங்குவோம். நம் தோப்பு அனுபவத்தின் அருகே அவர் முறையை வைத்துப் பார்த்தபோது வெட்கமுற்றோம். அவர் ஓடத்தில் ஆண்டுகள் பல பயின்ற பின்னரே சைக்கிளில் ஏறினார். நாமோ முதல் இரவையே முப்பது மைலுக்கு அப்பால் வைத்தோம். முதல் இரவு வீட்டுக் கொல்லையிலோ மொட்டைமாடியிலோ கழிதல் வேண்டும். அங்கே குழந்தை அழுதால் கதவு பத்தடியில் உள்ளது. இருளும், துணியின் படபடப்பும், தவளை ஒலியும் பழகிய பின் அடுத்த இரவை ஐந்தாறு மைலில் வைக்கலாம். தானே சைக்கிள் ஓட்டும் ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போதும். அதற்கு மேற்செல்வது தந்தையின் பெருமைக்காகவேயன்றிக் குழந்தையின் இன்பத்திற்காக அன்று. அரைமணிக்கு ஒருமுறை நிறுத்தி, பாலத்தின்கீழ் மீன் பார்க்கவும் பனங்காய் பொறுக்கவும் விடுதல் வேண்டும். கூடாரம் இருள்வதற்கு இரண்டு மணி முன்னரே எழும்பியிருத்தல் வேண்டும்.

ஓட்டத்தெரியாத சிறுகுழந்தையை எவ்வாறு கொண்டு செல்வது? இங்கிலாந்தில் 1930 ஆம் ஆண்டுகளில் தாயும் தந்தையும் இருவர் மிதிக்கும் நெடுஞ்சைக்கிளில் அமர்ந்து, பக்கத்தில் ஒற்றைச் சக்கரமுள்ள பெட்டியொன்றை இணைத்து அதிற் குழந்தையை உட்காரவைத்துச் சென்றனர். இக்காலத்தில் வண்டியின் பின்னே இழுத்துச் செல்லும் இருசக்கரத் தொட்டில்வண்டிகள் வந்துள்ளன. அவை தாழ்வாக இருப்பதால் சைக்கிள் சரிந்தாலும் குழந்தை விழுவதில்லை. எதுவாயினும், தலை நிலையாக நின்று தானே அமரும் வலிமை வருமுன் குழந்தையைச் சைக்கிளிற் கொண்டு செல்லலாகாது. ஒரு வயதாகட்டும் என்பர் வைத்தியர். நம்மூரில் முன்கம்பியில் துண்டைச் சுற்றிக் குழந்தையை அமர்த்தும் வழக்கம் பழையது. கடைத்தெரு வரை அது தாங்கும். நெடுவழிக்கு அன்று, குழந்தையின் கால் முன்சக்கரக் கம்பிகளிற் சிக்கி உடைந்ததை நாம் கண்டிருக்கின்றோம். இருக்கையும் கால் வைக்கும் தட்டும் கட்டும் வாரும் தலைக்கவசமும் உடையதாய் அமைத்துக்கொள்ளல் வேண்டும்.

சுமையைப் பற்றி மேலே கூறினோம். குழந்தையே ஒரு சுமை என்பதை மறந்தது நம் பிழை. இருபது கிலோ எடையுள்ள பையன் ஏறியபின் எஞ்சிய இடம் எவ்வளவு? ஆகவே பானை இரண்டு வேண்டா, ஒன்று போதும். ஜமுக்காளம் வேண்டா, மெல்லிய கம்பளி போதும். பொருள்களைக் காரியரின்மேல் மலைபோற் குவிக்காது, சக்கரத்தின் இருபுறமும் தாழ்ந்து தொங்கும் பைகளில் இருமருங்கும் ஒத்த எடையாய் வைத்தல் வேண்டும், கனத்தவை அடியில். குறைக்கலாகாதவையும் உண்டு: தரையில் விரிக்கும் நீர் புகாத் துணி, குழந்தைக்கு மாற்றுடை, காய்ச்சிய நீர், கைவிளக்கு, டயர் ஒட்டும் சாதனம். உடலின் வெப்பத்தைத் தரை திருடுவதுபோல் காற்றும் திருடுவதில்லை. மேலே இரண்டு கம்பளி போர்த்தினும் கீழே ஒன்றும் இல்லையேல் குளிர் எலும்பிற் புகும். சிறுவர் உடல் சிறிதாகையால் விரைவிற் குளிரும். நம் தமக்கையார் மகனுக்கு நேர்ந்தது இதுவே. இடம் தெரிவு செய்வதில், ஆற்று மணலும் ஓடைப்படுகையும் கண்ணுக்கு இனியவை. மலையில் பெய்த மழை நள்ளிரவில் அங்கே வந்து சேரும். நிலத்துக்குரியவரைக் கண்டு அனுமதி கேட்டுத் தங்குவதே பாதுகாப்பு. கேட்டுத் தங்கினால் காலையிற் பாலும் கிடைக்கும்.

ஹோல்டிங்கின் சங்கத்திற்கு மீள்வோம். வேறு சங்கங்களும் தோன்றின. பிரிவுகளும் இணைப்புகளும் நேர்ந்தன. பெயர் பன்முறை மாறிற்று. தென்துருவம் தேடிச் சென்ற காப்டன் ராபர்ட் பால்கன் ஸ்காட் ஒருகாலத்தில் இதற்குத் தலைமை வகித்தார். 1912 ல் துருவத்தினின்று மீளும் வழியில், பனிப்புயலின் நடுவே, கூடாரத்திற்குள்ளேயே அவர் உயிர் துறந்தார். 1919 ல் பேடன் பவல் பிரபு தலைவரானார். ஐந்து வாரம் மிசிசிப்பிக் கரையில் முந்நூறு பேருடன் தங்கிய சிறுவன் நினைவில் தொடங்கிய இச்சங்கத்தில் இன்று பல இலட்சம் பேர் உறுப்பினராய் உள்ளனர். இப்போது அவர்களிற் பலர் மோட்டாரில் இழுக்கும் வீட்டுவண்டியில் செல்கின்றனர். சைக்கிள் சங்கத்தின் பெயரினின்றே மறைந்துவிட்டது. பட்டிலிருந்து ஒவ்வொரு பலமாக எடை குறைத்த தையற்காரர் இதனைக் கண்டால் என்ன கூறுவாரோ அறியோம்.

தாமஸ் ஹைராம் ஹோல்டிங் 1930 ஆம் ஆண்டு காலஞ்சென்றார். எருதுவண்டியில் தொடங்கி, ஓடம், உயர்சக்கரவண்டி, சைக்கிள் எனச் சென்றவர், ஆகாயவிமானம் அட்லாண்டிக்கைக் கடந்த செய்தியையும் கேட்டே கண்மூடினார். அவ்வாண்டிலேதான் இங்கிலாந்திலும் வேல்சிலும் இளைஞர் விடுதிச் சங்கம் நிறுவப்பெற்றது. ஓர் இரவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்திற் கூரையும் கட்டிலும் கிடைக்கவே, நடந்தும் சைக்கிளிலும் திரிந்த ஏழை இளைஞர் பலர் அங்கே தங்கலாயினர்.

நம் கதையில் எஞ்சியது ஒன்று. சென்ற மாதம் நம் சாமான்கள் அனைத்தையும் மளிகைக்கடைத் தராசில் வைத்து நிறுத்தோம். முன்னர் முப்பத்தொரு கிலோ இருந்தது இப்போது ஒன்பதில் நின்றது. அக்கணக்கைத் தாளில் எழுதித் தமக்கையாரிடம் கொடுத்தோம். அவர் அதனை இருமுறை படித்தார். தரை விரிப்பைக் கையால் தடவிப் பார்த்தார். கொல்லையில் ஓர் இரவுக்கு அனுமதி கிடைத்தது. அன்றிரவு தூறல் இருந்தது. காலையிற் பார்த்தபோது பையன் கூடாரத்தில் இல்லை. திடுக்கிட்டு வெளியே வந்தோம். அவன் கிணற்றடியில் நின்று, முளைகளை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிக் கழுவி எண்ணிக்கொண்டிருந்தான். பன்னிரண்டில் ஒன்று குறைகிறது. அது கிடைத்தவுடன், தை பிறந்தபின், ஆறு மைல் செல்ல உத்தரவாகியுள்ளது.